அது அணுசக்தி இல்லீங்க, தலைகீழா வந்த பீக்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அறிவியல் பக்கத்துல கீழ் மூலையில ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, 'வெளிச்சத்தில் இருந்து அணுசக்தி'ன்னு தலைப்பு, உள்ள போட்டோ சிட்னிப்னு (Photo-CIDNP, வெளிச்சத்த வச்சு ஒரு கெமிக்கல் ரியாக்ஷன ஓட்டி அணுக்கருவோட காந்த சிக்னல பெருசாக்குறது) ஒரு முறையப் பத்தி எட்டு வரி. அதப் படிச்சிட்டு தான் எழுதுறேன். விருதுநகர் மாவட்டத்துல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறேன், ஆராய்ச்சிப் படிப்பு படிச்சப்போ என் வாழ்க்கையில பாதி ராத்திரி இந்த சிட்னிப் கூட தான் போச்சு, அதனால சும்மா பேப்பர மடிச்சு வைக்க மனசு வரல. திட்டுறதுக்காக எழுதலைங்க, இந்த விஷயத்த ஒரு தமிழ் பேப்பர் எடுத்துப் போட்டதே எனக்கு சந்தோஷம், அந்த சந்தோஷம் தலைப்ப தாண்டி ரெண்டாவது வரி வரைக்கும் தான் இருந்துச்சு, அது வேற கதை.

தலைப்புலயே தப்பு. வெளிச்சத்துல இருந்து எந்த அணுசக்தியும் வரல, வரவும் முடியாது. நாங்க லேப்ல போட்டது நீல-பச்சை லேசர், 488 நானோமீட்டர், அதுல ஒரு ஃபோட்டானுக்கு 2.5 எலக்ட்ரான் வோல்ட் தான் தெம்பு. ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தா வர்றது சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். இவ்ளோ தூரத்துல இருக்கிற ரெண்டு விஷயத்த ஒரே தலைப்புல கட்டிப் போட்டா என்ன ஆகும்னு எங்க காலேஜ்ல மறுநாளே தெரிஞ்சுச்சு, செகண்ட் இயர் பொண்ணு ஒருத்தியோட அம்மா போன் பண்ணி, 'டீச்சர், இந்த அணுக்கரு வேலையெல்லாம் எங்க புள்ளைக்கு வேண்டாம், கல்யாணம் ஆகப் போற புள்ள'ன்னாங்க. அவங்க சொந்த ஊர் கூடங்குளத்துக்கு பக்கம், அவங்க பயத்த நான் சிரிச்சு ஒதுக்க முடியாது. ஆனா அந்தப் பொண்ணு எங்க லேப்ல செஞ்சது ஆஸ்பிரின் தயாரிக்கிற எக்ஸ்பெரிமென்ட், அவ்ளோ தான்.

அப்புறம் 'தளவிளைவு'ங்கிற சொல்லு. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் புக்குல வெளிச்சத்தோட போலரைசேஷனுக்கு அந்த சொல்ல தான் போட்ருக்கும், உங்க ஆளு அகராதிய பாத்து அப்படியே எடுத்துட்டாரு போல. இங்க போலரைஸ் ஆகுறது வெளிச்சம் இல்ல, அணுக்கருவோட ஸ்பின், அதாவது அத ஒரு குட்டி காந்தம் மாதிரி ஆக்குற குணம். ஸ்பின்னுக்கு தற்சுழற்சின்னு பாடப்புத்தகத்துல இருக்கு, நல்ல சொல்லு தான். அதனால 'அணுக்கருத் தற்சுழற்சி முனைவாக்கம்'னு போட்டிருக்கலாம், வாய்ல நுழையாது தான், ஆனா தப்பு இல்ல. எங்க லேப்ல யாரும் அப்படி சொல்லல, நாங்க சிட்னிப்னு தான் சொல்லுவோம், 'அண்ணே இன்னைக்கு சிட்னிப் வருதா'ன்னு கேட்டா 'வருது வருது, உன் சாம்பிள் தான் வரல'ன்னு பதில் வரும்.

சரி, அது என்னன்னு நானே சொல்லிடுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஹைட்ரஜனோட அணுக்கரு, அதாவது புரோட்டான், ஒரு குட்டி காந்தம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள்ள வச்சா சிலது காந்தத்தோட திசைக்கு, சிலது எதிர் திசைக்கு நிக்கும். எல்லாம் ஒரே பக்கம் நிக்கும்னு நினைக்காதீங்க, ஏன்னா அந்த ரெண்டு நிலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அவ்ளோ சின்னது, ரூம்ல இருக்கிற சாதாரண சூடே அத விட 15,000 மடங்கு பெருசு, அந்த ஆட்டத்துல யாரு எந்தப் பக்கம் நிப்பான்னு சொல்லவே முடியாது. நாங்க வேலை பாத்த 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் மெஷின்ல (காந்தத்துக்குள்ள வச்ச அணுக்கருவோட சிக்னல ரேடியோ அலையில பாக்குற மெஷின்), அதோட காந்தம் 9.4 டெஸ்லா, 10 லட்சம் புரோட்டான எண்ணினா ஒரு பக்கம் இன்னொரு பக்கத்த விட சுமார் 32 தான் கூட இருக்கும். ஆஸ்பத்திரியில இருக்கிற 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷின்ல அது 10 லட்சத்துக்கு 5. ஓட்டு எண்ணிக்கைன்னா ரீகவுன்ட்டிங் கேப்பாங்க, ஆனா அந்த 5-ஐ வச்சு தான் உங்க முழங்கால் ஜவ்வு வரைக்கும் படம் எடுக்கிறாங்க. (அந்த எம்ஆர்ஐயும் நியூக்ளியர் மேக்னெடிக் ரெசோனன்ஸ் தான், நோயாளி பயந்துடக் கூடாதுன்னு நியூக்ளியர்ங்கிற சொல்ல கழட்டிட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க கழட்டுனத நீங்க திரும்ப மாட்டி விட்ருக்கீங்க.) இந்த வித்தியாசத்த எப்படியாவது கூட்டிட்டா சிக்னல் கூடும், அதான் போலரைசேஷன். வெளிச்சத்த வச்சு ஒரு கெமிக்கல் ரியாக்ஷன ஓட்டி கூட்டினா போட்டோ சிட்னிப். சிக்னல் 10 மடங்கு ஏறினா 100 மடங்கு நேரம் மிச்சம், அதாவது ராத்திரி முழுக்க உக்காந்து எடுக்க வேண்டிய ஸ்பெக்ட்ரம் (சிக்னல் வரைபடம்) டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

நான் இத மொத தடவ பாத்தது எப்படின்னு சொல்றேன். எங்களுக்கு மெஷின் கிடைக்கிறது ராத்திரி பத்து மணிக்கு மேல தான், பகல்ல எல்லாம் ஃபீஸ் கட்டி சாம்பிள் குடுத்தவங்களோடது ஓடும். அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடி டியூப், அதுல கனநீர், அதுல கொஞ்சம் டைரோசின்ங்கிற அமினோ அமிலம், அப்புறம் ஒரு சிட்டிகை எஃப்எம்என். எஃப்எம்என்னா பயப்படாதீங்க, அது வைட்டமின் பி2 கூட ஒரு பாஸ்பேட் ஒட்டினது, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா ஒண்ணுக்கு மஞ்சளா போகுமே, அந்த மஞ்சள் தான். வெளிச்சம் பட்டா கெட்டுரும்னு டியூப்ப அலுமினியம் ஃபாயில்ல சுத்தி எடுத்துட்டு போவோம், ரூம் லைட்ட அணைச்சிருவோம், வாட்ச்சு, ஏடிஎம் கார்டு எல்லாம் வெளிய மேசை மேல. லேசர்ல இருந்து ஒரு மெல்லிசான ஃபைபர் வந்து டியூப்புக்குள்ள மேல இருந்து இறங்கும், அதோட முனை, சிக்னல வாங்குற காயில் இருக்கிற உயரத்துக்கு கொஞ்சூண்டு மேல நிக்கணும், இறங்கிட்டா ஸ்பெக்ட்ரம் பூரா அசிங்கமாயிடும், ஏறிட்டா வெளிச்சம் பத்தாது. அந்த ஆர்கான் லேசர குளிர வைக்க குழாய்த் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், கேம்பஸ்ல தண்ணி நின்னா ஆராய்ச்சியும் நிக்கும், இத எந்த ஆய்வுக்கட்டுரையிலும் எழுத மாட்டாங்க.

அன்னைக்கு லேசர் ஒரு செகண்டு அடிச்சு உடனே ரேடியோ பல்ஸ் குடுத்து ஸ்பெக்ட்ரம் எடுத்தா, டைரோசின் வளையத்தோட ஒரு பீக் (ஸ்பெக்ட்ரம் கோட்டுல கூரா எழும்புற முனை) மட்டும் பேஸ்லைனுக்கு கீழ தொங்குது. நான் ஃபேஸ் (phase, பீக் எல்லாம் நேரா நிக்க கம்ப்யூட்டர்ல சரி பண்ற செட்டிங்) தப்பா இருக்குன்னு நினைச்சு திருப்புறேன், அது நேராகுது, மத்ததெல்லாம் கவுந்துருது. திரும்ப திருப்புறேன், இது கவுருது. பத்து நிமிஷம் இப்படி பண்ணிட்டு இருந்தேன், பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்த டெக்னீஷியன் அண்ணன் சொன்னாரு, 'ஃபேஸ் தப்புன்னா எல்லாம் சேர்ந்து கவுரும்மா, ஒண்ணு மட்டும் கவுராது, அது நெசமாவே கீழ தான் இருக்கு.' அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னைக்கு வரைக்கும் அவருக்கு கடன்பட்டிருக்கேன். கீழ தொங்குற பீக்னா அந்த புரோட்டான்கள் ரேடியோ அலைய உறிஞ்சாம வெளிய விடுதுன்னு அர்த்தம், மேல் நிலையில தான் கூட்டம் அதிகம்னு அர்த்தம், சாதாரணமா எந்த சூட்டுலயும் அப்படி இருக்கவே இருக்காது.

இது எப்படி ஆகுதுங்கிறத தான் உங்க பெட்டிச் செய்தி 'ஒளி அணுக்கருவைத் தாக்கி'ன்னு ஒரே அடியா அடிச்சு முடிச்சிருச்சு. வெளிச்சம் அணுக்கருவ தொடவே இல்லீங்க. வெளிச்சம் தொடுறது அந்த மஞ்சள் சாயத்த. எஃப்எம்என் அத வாங்கி கிளர்ந்து ட்ரிப்லெட்னு, ரெண்டு எலக்ட்ரான் ஸ்பின் ஒரே பக்கம் பாத்து நிக்கிற ஒரு நிலைக்கு போகும், அங்க இருந்து டைரோசின் கிட்ட ஒரு ஹைட்ரஜன் அணுவ புடுங்கும். இப்போ ரெண்டு பேர் கிட்டயும் ஜோடி இல்லாத ஒரு ஒரு எலக்ட்ரான், இதுக்கு ரேடிக்கல் ஜோடின்னு பேரு. ரெண்டும் உடனே திரும்ப சேர்ந்து பழையபடி ஆயிடலாமேன்னா முடியாது, ரெண்டு எலக்ட்ரான் ஸ்பின்னும் எதிரும் புதிருமா இருந்தா தான் சேர முடியும், ட்ரிப்லெட்ல பொறந்ததுனால இதுங்க அப்படி இல்ல. அதனால திருவிழாக் கூட்டத்துல கை விட்டுப் போன ரெண்டு பேர் மாதிரி, தண்ணி மூலக்கூறு நெரிசலுக்குள்ள கொஞ்சம் விலகி, திரும்ப மோதி, திரும்ப விலகி, இப்படி நானோசெகண்ட் கணக்குல சுத்துதுங்க. அந்த நேரத்துக்குள்ள ரெண்டு எலக்ட்ரானும் பம்பரம் தலையாட்டுற மாதிரி காந்தப்புலத்துல சுத்திக்கிட்டே இருக்கு, ரெண்டும் ஒரே வேகத்துல சுத்துறதில்ல. அந்த வேக வித்தியாசத்துல தான் ஒரு கட்டத்துல எதிரும் புதிருமா வந்து நிக்கும், அப்போ மோதினா சேர்ந்துக்கும்.

அணுக்கரு உள்ள வர்றது இங்க தான். டைரோசின்ல அந்த எலக்ட்ரானுக்கு பக்கத்துல இருக்கிற புரோட்டான் ஒரு பக்கம் பாத்து நின்னா எலக்ட்ரான் சுத்துறத ஒரு இழை வேகமாக்கும், எதிர்ப்பக்கம் பாத்து நின்னா ஒரு இழை மெதுவாக்கும். வேகமானது சீக்கிரம் தயாராகி சேர்ந்துரும், மெதுவானது தயாராகுறதுக்குள்ள கூட்டத்துல பிரிஞ்சு போயிரும். அவ்ளோ தான் விஷயம். யாரும் புரோட்டான புடிச்சு திருப்பல. எங்க ஆச்சி முறத்துல அரிசி புடைப்பாங்க, அரிசியும் அவங்க செய்யல உமியும் அவங்க செய்யல, ஏற்கனவே கலந்து கெடந்தத அரிசி இந்தப் பக்கம், உமி அந்தப் பக்கம்னு ஒதுக்குனாங்க. சேர்ந்த மூலக்கூறுல ஒரு திசை புரோட்டான் கூட, பிரிஞ்சு போனதுல எதிர் திசை கூட, ரெண்டையும் கூட்டுனா பழைய கணக்கு தான்.

இங்க ஒரு புத்திசாலிப் பிள்ளை கேக்கும், பிரிஞ்சு போனதும் கடைசியில திரும்ப அதே டைரோசினா தானே மாறுது, உமிய திரும்ப அதே கூடையில கொட்டுனா என்ன மிஞ்சும்னு. சரியான கேள்வி, நானும் கைடு கிட்ட கேட்டு ஒரு வாரம் தூங்காம கெடந்தேன். பதில் என்னன்னா கொட்டுறதுக்குள்ள பாதி உமி காத்துல போயிருது. பிரிஞ்சு போன ரேடிக்கல் கிட்ட ஜோடியில்லாத எலக்ட்ரான் இன்னும் இருக்கே, அது பக்கத்துலயே இருந்து அந்த புரோட்டானோட ஒழுங்க கலைச்சு விட்ருது, அதனால அது திரும்பி வரும்போது எதிர்க்கணக்கு முழுசா மிச்சம் இல்ல, சேர்ந்தவங்களோட கணக்கு ஜெயிக்குது.

எந்த பீக் மேல, எந்த பீக் கீழன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு ஒரு விதி இருக்கு, நெதர்லாந்துக்காரர் ராப் காப்டீன் 1971ல சொன்னது, நாலே நாலு குறி, ப்ளஸ்ஸா மைனஸான்னு பாத்து பெருக்கணும். எங்க டைரோசினுக்கே போட்டு காட்டுறேன். ஜோடி ட்ரிப்லெட்ல பொறந்ததா, ஆமா, ப்ளஸ். சேர்ந்த மூலக்கூறா, ஆமா, ப்ளஸ். டைரோசின் ரேடிக்கலோட ஜி மதிப்பு (காந்தப்புலத்துல எலக்ட்ரான் எவ்ளோ வேகமா சுத்தும்னு காட்டுற எண்) சாயத்தோடத விட கூடவா, ஆமா, ப்ளஸ். வளையத்துல ஆக்சிஜனுக்கு பக்கத்து புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இருக்கிற இணைப்போட குறி, மைனஸ். பெருக்குனா மைனஸ், பீக் கீழ. அதே மூலக்கூறுல வளையத்துக்கு வெளிய இருக்கிற சிஎச்2 புரோட்டானுக்கு கடைசிக் குறி மட்டும் ப்ளஸ், பீக் மேல. எட்டாங்கிளாஸ் கணக்கு. குவாண்டம் மெக்கானிக்ஸ் இவ்ளோ இறங்கி வந்து பேசுற இடம் ரொம்ப கம்மி, பசங்க கிட்ட இத போர்டுல போட்டா கடைசி பெஞ்சும் நிமிந்து உக்காரும்.

இன்னொன்னு, உங்க செய்தியில 'சமீபத்தில் கண்டுபிடிக்கப்பட்ட'ன்னு இருக்கு. 1967ங்க. ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் ஊர்ல ஒரு பிளாஸ்டிக் ஆராய்ச்சி நிலையத்துல பார்கான், ஃபிஷர், யோன்சன்னு மூணு பேர், பென்சாயில் பெராக்சைட, நம்ம முகப்பரு க்ரீம்ல இருக்குமே அதான், என்எம்ஆர் மெஷினுக்குள்ளயே வச்சு சூடு பண்ணாங்க, பென்சீனோட பீக் தலைகீழா வந்து அப்புறம் நேராச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டியில வார்டு, லாலர்னு ரெண்டு பேர் பியூட்டைல் லித்தியத்த வச்சு வேற ரியாக்ஷன்ல இதே தலைகீழ் பீக்க பாத்தாங்க. ரெண்டு ஊர்லயும் அன்னைக்கு யாராவது என்ன மாதிரி ஃபேஸ் தப்புன்னு திருப்பி விட்டு வீட்டுக்கு போயிருந்தா கதையே இல்ல. வேடிக்கை என்னன்னா பேரு வச்சதே தப்பான விளக்கத்துல. சிட்னிப்புக்குள்ள, CIDNPங்கிற சுருக்கத்துல வர்ற D-யா, 'டைனமிக்'னு ஒரு சொல்லு ஒளிஞ்சிருக்கு, ஓவர்ஹவுசர் 1953ல சொன்ன வேற ஒரு விளைவு மாதிரி தான் இதுவும்னு நினைச்சு அத சேத்தாங்க, ரெண்டே வருஷத்துல, 1969ல, சிகாகோவுல குளோஸும் நெதர்லாந்துல லைடன் ஊர்ல காப்டீன், ஊஸ்டர்ஹாஃப் ரெண்டு பேரும் தனித்தனியா இந்த ரேடிக்கல் ஜோடி கணக்க சொன்னதும் அந்த விளக்கம் போச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. சூடு பண்றதுக்கு பதிலா வெளிச்சம் காட்டி குளோஸ் செஞ்சதும் அந்த 1969ல தான். அதனால பேர் விஷயத்துல தப்பு பண்ணது நீங்க மட்டும் இல்ல, இத ஆறுதலா எடுத்துக்கோங்க.

எதுக்கு உபயோகம்ங்கிறத நீங்க 'எதிர்கால மின்சாரம்'னு முடிச்சிட்டீங்க, எனக்கு அத படிச்சப்போ தான் நெஜமா கோவம் வந்துச்சு. இதுல மின்சாரம் ஒரு சொட்டு கிடையாது. இருக்கிற உபயோகமே எவ்ளோ அழகா இருக்குங்கிறதுக்கு ஒண்ணு சொல்றேன். 1978ல காப்டீனும் கூட்டாளிகளும் நேச்சர் இதழ்ல காட்டுனது இது, புரோட்டீன்ல டைரோசின், ட்ரிப்டோஃபான், ஹிஸ்டிடின் இந்த மூணு தான் அந்த சாயத்தோட இப்படி ரியாக்ட் பண்ணும், அதுலயும் வெளிய தெரியிற மாதிரி மேற்பரப்புல இருந்தா மட்டும் தான், உள்ள மடிஞ்சு பொதைஞ்சு கெடந்தா சாயம் போய் தொட முடியாது. முட்டை வெள்ளைக்கருவுல லைசோசைம்னு ஒரு புரோட்டீன் இருக்கு, 129 அமினோ அமிலம், அதுல ஆறு ட்ரிப்டோஃபான். சாதாரண என்எம்ஆர் எடுத்தா நூத்துக்கணக்கான பீக், சந்தைக் கடை மாதிரி. லேசர் போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு எடுத்து ஒண்ணுல இருந்து ஒண்ண கழிச்சா சந்தை பூரா காலியாகி நாலஞ்சு பீக் மட்டும் நிக்கும், ஆறு ட்ரிப்டோஃபான்ல முக்கியமா 62-வதும் 123-வதும் தான் கைய தூக்கும். அதே புரோட்டீன யூரியா போட்டு அவிழ்த்து விட்டா படம் மாறிடும், அவிழ்ந்தது திரும்ப மடியிறப்போ யாரு எப்போ உள்ள போறாங்கன்னு பாக்கலாம். மூலக்கூற வெட்டாம ஒட்டாம, எது வெளிய எது உள்ளன்னு வெளிச்சத்த வச்சே தடவிப் பாக்குற வேலை இது. இப்போ ஆர்கான் லேசருக்கு பதிலா எல்இடிய வச்சே செய்றாங்க, தண்ணிப் பிரச்சினை இல்ல, பொறாமையா இருக்கு.

கஷ்டமும் சொல்லணும். சாயம் சீக்கிரம் வெளுத்துரும். மஞ்சளா உள்ள போன டியூப் சில டஜன் தடவ லேசர் அடிச்சதும் வெளிறிப் போய் வெளிய வரும், சிக்னலும் அதோட செத்துரும், திரும்ப மொதல்ல இருந்து. கரைசல்ல ஆக்சிஜன் இருந்தா அதுவும் குறுக்க வரும். தேர்ந்தெடுத்த சில மூலக்கூறுக்கு தான் இது வேலை செய்யும், எல்லாத்துக்கும் இல்ல. என் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமே சாயம் வெளுத்த கதை தான்.

பக்க அளவு இருந்தா இந்த ஒண்ணையும் சேர்த்துக்கோங்க, பசங்களுக்கு ரொம்ப புடிக்கும். அதே 1978ல க்ளாஸ் ஷுல்டனும் கூட ரெண்டு பேரும், பறவைங்க பூமியோட காந்தப்புலத்த உணர்றதும் இந்த மாதிரி ரேடிக்கல் ஜோடியால இருக்கலாம்னு ஒரு யோசனைய போட்டாங்க. 2000ல அவரே இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து கண்ணுல இருக்கிற கிரிப்டோகுரோம்ங்கிற புரோட்டீன் தான் அந்த இடமா இருக்கலாம்னாரு. அந்த புரோட்டீனுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா, ஃப்ளேவின், அதாவது எங்க மஞ்சள் சாயத்தோட சொந்தக்காரன், பக்கத்துல வரிசையா ட்ரிப்டோஃபான். எங்க அஞ்சு மில்லிமீட்டர் டியூப்ல இருந்த மாதிரி ஜோடி தான், டைரோசினுக்கு பதிலா ட்ரிப்டோஃபான். பறவை விஷயம் இன்னும் முழுசா நிரூபணம் ஆகல, சண்டை நடந்துட்டு இருக்கு, அதனால 'பறவைகளின் கண்ணில் அணுசக்தி'ன்னு மட்டும் தயவு செஞ்சு தலைப்பு வச்சிராதீங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு திருத்தம், ரெண்டு வரி, அதே பக்கத்துல, அதே மூலையில போட்டா கூட போதும்: இதுல அணு பிளக்கல, கதிர்வீச்சு இல்ல, மின்சாரம் இல்ல. தளவிளைவு இல்ல, முனைவாக்கம். அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி ஏஜென்சியில இருந்து இங்கிலீஷ்ல வந்தா, மொழிபெயர்க்கிறவருக்கு சந்தேகம் இருந்தா, பக்கத்துல எந்த காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டுக்கு வேணும்னாலும் ஒரு போன் போடச் சொல்லுங்க, எங்களுக்கு இதுக்கெல்லாம் பேச ஆள் கிடைக்கிறதே அபூர்வம், ராத்திரி பத்து மணிக்கு கூப்பிட்டாலும் எடுப்போம்.

அந்தப் பொண்ணோட அம்மாவ அடுத்த வெள்ளிக்கிழமை லேபுக்கு வரச் சொல்லியிருக்கேன், மக செஞ்ச ஆஸ்பிரின் பொடிய காட்டுறதுக்கு. உங்க பெட்டிச் செய்திய பசங்க கட் பண்ணி எங்க டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்காங்க, நான் கிழிக்கல. அதுக்கு கீழ உங்க திருத்தம் ஒட்டுற அளவுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.